பதினோராவது ஆள்

எங்கள் ஆஷ்கிராஃப்ட் கல்லூரியின் விளையாட்டுத் துறையிலிருந்து 'குடும்பம்' என்ற சொல் இல்லாமல் ஒரு துண்டுச்சீட்டுகூட வெளியே போகாது. "அன்புள்ள ஆஷ்கிராஃப்ட் குடும்பத்தாருக்கு: கிழக்கு வாசலில் வண்டியை நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம்" என்று பலகையே வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். லக்ராஸ் ஆட்டங்களில் மைதானத்து ஓரம் மேசை போட்டு உட்கார்ந்து, யார் கோல் போட்டார், யார் தவறு செய்தார் என்று பென்சிலால் குறிப்பது என் வேலை. மற்ற நாட்களில், துறைக்கு வரும் படிவங்களில் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்துவேன். படிவங்களை யாரும் படிப்பதில்லை. நான் மட்டும் பொழுதுபோகாமல் படிப்பேன்.

ஓரின் வோய்டாஸ் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவன். அவன் அப்பா மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். எங்கள் பக்கத்தில் லக்ராஸ் பருவம் பிப்ரவரியில் தொடங்கிவிடும், பனியோ ஏப்ரல் வரை போகாது. அதனால் மகன் ஆடுகிற நாளெல்லாம் அப்பாவுக்கு வேலை நாளாகவே அமைந்தது. நான்கு வருடத்தில் அவர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. டிவியில் எங்கள் ஆட்டத்தைக் காட்டுகிற அளவுக்கு யாரும் இன்னும் துணியவில்லை.

பையன் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். லக்ராஸில் ஓர் அணிக்குப் பத்துப் பேர், ஆளுக்கொரு வலை கட்டிய குச்சி. ஆட்டம் தொடங்கும்போதும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தை நடுக்கோட்டில் வைப்பார்கள். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவன் வந்து, மண்டியிட்டு, தலையைத் தரையை நோக்கிக் கவிழ்த்துக்கொண்டு, விசில் ஊதியதும் பந்தைப் பிடுங்கவேண்டும். இதற்கு ஃபேஸ்-ஆஃப் என்று பெயர். ஓரின் இதற்கென்றே எடுக்கப்பட்டவன். பிடுங்குவான், பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுப்பான், உடனே வெளியே ஓடிவந்துவிடுவான். அவன் இடத்துக்கு டெக்லன் ரூர்க் என்ற நல்ல ஓட்டக்காரன் உள்ளே போவான். மற்றவர்கள் ஆடுவார்கள்.

பயிற்சியாளர் மெக்நல்டி அவனுக்கு முதல் நாளிலேயே பாடத்தை முடித்துவிட்டார்.

"ஜெயி, குடு, ஓடு. இந்த மூணுதான். நாலாவதா ஒண்ணு யோசிச்சேன்னு வெச்சுக்கோ, அப்புறம் பெஞ்சுலயே உக்காந்துக்க வேண்டியதுதான்."

அவன் நாலாவதாக எதையும் யோசிக்கவில்லை. ஒரு மழை நாளில் நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு எட்டு விநாடி, ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு தடவை. நான்கு வருடத்தில் அவன் மைதானத்துக்குள் நின்ற மொத்த நேரம் மூன்று மணி நாற்பத்தாறு நிமிடம். நம் ஊர்க் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

கோல் விழும்போதெல்லாம் அவன் பெஞ்சில் இருப்பான். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, தலைக்கவசத்தில் தட்டிக்கொண்டு, சிரித்து முடித்துத் திரும்புவார்கள். அவர்கள் திரும்பி வருகிற வழியில் எதிரே இவன் நடுக்கோட்டுக்குப் போவான். "நல்ல கோல்" என்பான். அதற்குள் அவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள்.

துறையின் ஒழுங்குப்படி ஒவ்வொரு அணியும் யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தாக்கும் யூனிட் செவ்வாய்க்கிழமை கூடும், தடுக்கும் யூனிட் புதன்கிழமை கூடும். ஓரின் செவ்வாய்க்கிழமை போனபோது "நீ தாக்கறவன் இல்லையே" என்றார்கள். புதன்கிழமை போனான். "நீ தடுக்கறவனும் இல்லையே" என்றார்கள். மெக்நல்டி நியாயமான மனிதர், யாரையும் விட்டுவிட மாட்டார். 'நிபுணர் யூனிட்' என்று மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கி, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பந்துகளும் கூம்புகளும் அடுக்கியிருக்கும் அறையில் கூடச் சொன்னார். அதன் உறுப்பினன் ஓரின் ஒருவன்தான். தலைவனும் அவன்தான்.

யூனிட் தலைவர்கள் வாராவாரம் படிவம் நிரப்பவேண்டும். அவன் ஒரு வாரம் தவறியதில்லை.

'கூட்டத்துக்கு வந்தவர்கள்: 1. வராதவர்கள்: இல்லை. யூனிட்டுக்குள் கருத்து வேறுபாடு: இல்லை. ஒற்றுமையை வளர்க்க இந்த வாரம் செய்தது: பீட்சா வரவழைத்தோம். குறைந்தது எட்டுப் பேருக்குத்தான் துறை அனுமதிக்கிறது. மிஞ்சிவிட்டது.'

நான் முத்திரை குத்தினேன். அந்த வருடம் ஒற்றுமையில் சிறந்த யூனிட் என்ற விருது அவனுக்கே கிடைத்தது. விருதை யூனிட்டின் சார்பில் அவனே வாங்கி, யூனிட்டுக்கு அவனே நன்றி சொன்னான். இருபது பேர் கை தட்டினார்கள். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. மறுநாள் வந்த படிவத்திலும் முத்திரை குத்தினேன்.

பெஞ்சின் கடைசி இடம் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் நாங்கள் பேசிக்கொள்வது உண்டு. நான்காம் வருடம், ஒரு மார்ச் மாதம், எங்கள் அணி கோல் போட்டு எல்லோரும் ஒரே குவியலாக நின்றபோது கேட்டான்.

"சார், அங்க உள்ள என்ன பேசிப்பாங்க?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நானும் உன் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

"ஒரே ஒரு தடவ, கோல் விழறப்ப உள்ள இருந்து பாக்கணும் சார். நான் போடணும்னு இல்ல. யாராவது போடட்டும். நான் சும்மா உள்ள இருக்கணும்."

"கோச் கிட்ட கேளேன்."

"அது நாலாவது விஷயம் சார்" என்று சொல்லிவிட்டு, ஃபேஸ்-ஆஃபுக்கு எழுந்து போனான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவன் பெயரை ஏப்ரலில் துறை கண்டுபிடித்தது. எங்கள் லீகில் ஒருவன் வென்ற மொத்த ஃபேஸ்-ஆஃப்களில் பழைய சாதனை ஆயிரத்து நாற்பத்தொன்று. ஓரின் ஆயிரத்து முப்பத்தொன்பதில் நின்றான். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் பாக்கி இருந்தது. கண்டுபிடித்தது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உடனே சாதனைக் கொண்டாட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் விளையாட்டுத் துறை இயக்குநர் டாக்டர் பியாட்ரிஸ் ஹாம்லின். உறுப்பினர்கள் மெக்நல்டியும், விதிமுறை அதிகாரி ஸ்லேட்டும். குறிப்பெடுக்க நான்.

முதல் சிக்கல் படம். சுவரொட்டி அடிக்க ஓரினின் படம் வேண்டும். நான்கு வருடத்தில் எடுத்த அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெரும்பாலானவற்றில் அவன் தரையில் கவிழ்ந்திருந்தான். மீதி சிலவற்றில் வெளியே ஓடிக்கொண்டிருந்தான். அடையாள அட்டைப் படத்தைத் தேடி எடுத்தார்கள், அதில் கண்ணை மூடியிருந்தான்.

"நம்ம குடும்பத்துப் பையன்தான், எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் டாக்டர் ஹாம்லின். "ஆளு எப்படி இருப்பான்?"

மெக்நல்டி கொஞ்சம் யோசித்தார். "நாப்பத்தொண்ணு" என்றார்.

கடைசியில் அவன் முதுகையே பெரிதாக்கி, நாற்பத்தொன்று என்ற எண் தெரியும்படி ஊரெங்கும் ஒட்டினார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஓரினை வரவழைத்தார்கள். சாதனையாளரின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்று விதி இருக்கிறதாம். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கேட்டே விட்டான்.

"மேடம், அந்தப் பந்த ஜெயிச்சதும் நான் வெளிய ஓடாம உள்ளயே இருக்கலாமா? ஒரு கோல் விழற வரைக்கும். அவ்வளவுதான்."

"அது ஆட்டத் திட்டம் சம்பந்தப்பட்டது" என்றார் மெக்நல்டி, ஜன்னலைப் பார்த்து.

டாக்டர் ஹாம்லின் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அருமையா சொன்னே ஓரின். மனசு நெகிழ்ந்து போச்சு. இதத்தான் நாங்க குடும்பம்னு சொல்றோம். குடும்பத்துல எல்லாருக்கும் ஒரு எடம் உண்டு. ஒருத்தர் எடத்த இன்னொருத்தர் எடுத்துக்க முடியாது. உன்னோட எடம் வெளிய. அந்த எடத்த உங்கிட்டேருந்து யாரும் பறிக்க நான் விடமாட்டேன். வேற ஏதாவது ஆச இருக்கா?"

"அப்பா வர்றேன்னிருக்கார் மேடம். இந்த சனிக்கிழம பனி இல்லையாம். வண்டி நிறுத்த எடம்..."

"நிச்சயமா!" என்றார். ஸ்லேட் குறித்துக்கொண்டார். பக்கத்து நிறுத்துமிடம் முழுவதும் சாதனையைப் பார்க்க வரும் பிரமுகர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டதால், சாதனையாளரின் தகப்பனாருக்கு வடக்கு நிறுத்துமிடத்தில் இடம் கொடுத்தார்கள். அது மைதானத்திலிருந்து ஒன்றரை மைல்.

மூன்றாவது கூட்டத்தில் ஸ்லேட் நிகழ்ச்சி நிரலைப் படித்தார். சாதனை விழுந்த பிறகு ஆட்டம் எப்போது முதலில் நிற்கிறதோ, அப்போது தொண்ணூறு விநாடி கிடைக்கும். அறிவிப்பு இருபது விநாடி, இசை பத்து விநாடி, அணியினர் நடுக்கோட்டுக்கு ஓடிவர இருபது விநாடி, 'தன்னெழுச்சியான அணைப்பு' நாற்பது விநாடி.

"நாப்பது விநாடி தன்னெழுச்சியா கட்டிப்பிடிக்கணும்னா ரெண்டு மூணு தடவையாவது ஒத்திகை பாக்கணும்" என்றார் ஸ்லேட். "போன வருஷம் கூடைப்பந்துக்காரங்க இருபத்தஞ்சுலயே விட்டுட்டாங்க. பாக்க நல்லாவே இல்ல."

ஒத்திகை நடந்தது. ஓரினின் மணிக்கட்டு விலைமதிப்பற்றது என்பதால் அவனை அதில் சேர்க்கவில்லை. எங்கள் கல்லூரியின் சின்னம் அணில். ஆறடி உயரத்தில் பஞ்சு அடைத்த அணில் வேஷம் ஒன்று உண்டு, ஆட்ட நாட்களில் ஒரு மாணவன் அதைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஆடுவான். அந்த அணிலுக்கு நாற்பத்தொன்றாம் எண் சட்டையை மாட்டி நடுக்கோட்டில் நிறுத்தினார்கள். அணி முழுவதும் மூன்று நாள் ஓடிவந்து அணிலைக் கட்டிப்பிடித்தது. மூன்றாம் நாள் ஒருவன் அழுதேவிட்டான். சட்டை அணிலுக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆட்டத்தன்றும் போட்டிருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது. அந்த நேரமெல்லாம் ஓரின் பந்து அறையில் தன் யூனிட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. குளிர் மட்டும் விடவில்லை. ஓரின் பெஞ்சில் மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு பார்வையாளர் வரிசையையே பார்த்திருந்தான்.

"அப்பா போன் பண்ணினார் சார். ஊருக்குள்ள வந்துட்டாராம். நிறுத்தற எடத்த தேடிட்டிருக்கார்."

"வந்துருவார்ப்பா."

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தை அவன் வென்றான். இரண்டாவதை வென்றான். எட்டாவது நிமிடத்தில் மூன்றாவது வந்தது. அவனை எதிர்த்து நின்றவன் மலை மாதிரி இருந்தான். விசில் ஊதியதும் இருவரும் தரையோடு தரையாக நசுங்கினார்கள், பந்து ஓரினின் வலைக்குள் வந்தது. ஆயிரத்து நாற்பத்திரண்டு. நான் குறித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவன் பெஞ்சைப் பார்த்தான். மெக்நல்டியின் கை வழக்கம்போல 'வா, வா' என்று ஆடிக்கொண்டிருந்தது. ஓரின் ஒரு கணம் நின்றான். அப்புறம் திரும்பி எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தான்.

"டேய் வோய்டாஸ்! எங்கடா போறே? வெளிய வாடா!"

அவன் போய்க்கொண்டே இருந்தான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை, நன்றாகவே ஓடினான். இதற்கிடையே டெக்லன் ரூர்க் இரண்டு வருடமாகச் செய்துவந்ததையே செய்தான். ஓரின் பந்தைப் பிடுங்கியதும் மனசுக்குள் நாலு வரை எண்ணி, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே குதித்தான். வெளியே வராத ஓரினை அவன் பார்த்ததே இல்லையே, பாவம். மைதானத்தில் இப்போது எங்கள் ஆட்கள் பதினொரு பேர்.

ஓரின் பந்தை டெடி லஷான்ஸிடம் கொடுத்தான். லஷான்ஸ் அடித்தான். கோல்.

எல்லோரும் லஷான்ஸ்மேல் விழுந்தார்கள். ஓரின் ஓர் அடி தள்ளி, இரண்டு கையையும் பாதி தூக்கி, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் நின்றான். லஷான்ஸ் திரும்பி அவனையும் இழுத்து அணைத்துக்கொண்டான். உள்ளே என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு லஷான்ஸ்தான் எனக்குச் சொன்னான்.

"சூப்பரா குடுத்தேடா! ஆமா, யாருடா நீ?"

"வோய்டாஸ்."

"அட, நம்ம வோய்டாஸா? உனக்கு மீசையெல்லாம் இருக்கா!"

நாலு விநாடி இருக்கும். நடுவர் விசில் ஊதினார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார், நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். ஆள் கூடுதல். கோல் செல்லாது, பந்து எதிரணிக்கு.

மெக்நல்டி உள்ளே போய் ஓரினின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் என் மேசை வரை இழுத்துவந்தார்.

"நாலு வருஷமா நான் உனக்கு என்னடா சொல்லிக்குடுத்தேன்?"

"ஜெயி, குடு, ஓடு சார்."

"நீ என்னடா பண்ணே?"

"ஓடினேன் சார். அந்தப் பக்கம்."

"கோட்டப் போட்டுட்டு உக்காரு. இன்னைக்கு நீ எழுந்திருக்கவே கூடாது."

ஆனால் ஆட்டம் நின்றிருக்கிறது அல்லவா? நிரலில் சாதனைக்குப் பின் ஆட்டம் முதலில் நிற்கும் நேரம் என்றுதான் இருந்தது, எதற்காக நிற்கவேண்டும் என்று இல்லை. ஸ்லேட் கைக்கடிகாரத்தைத் தட்டினார். ஒலிபெருக்கி "ஓரின் வோய்டாஸ்! ஆயிரத்து நாற்பத்திரண்டு!" என்று முழங்கியது. இசை கிளம்பியது. நாற்பத்தொன்றாம் எண் சட்டை போட்ட அணில் நடுக்கோட்டுக்குப் போய்க் கையை விரித்தது. அணி முழுவதும், ஒத்திகையில் பழகியபடி, நாலாபக்கமிருந்தும் ஓடிப்போய் அணிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அழுதவன் இன்றும் அழுதான். பிரமுகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படக்காரர் கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினார்.

ஓரின் பெஞ்சின் கடைசியில் மேல்கோட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்தான். எனக்கு அவன் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. வடக்கு வேலியோரம், சாலைத் துறையின் ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒரு கனத்த மனிதர் மூச்சிரைக்க வந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டுவது தெரிந்தது.

நாற்பது விநாடி சரியாக முடிந்தது. ஸ்லேட் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஓரினை அதற்குப் பிறகு இறக்கவே இல்லை. அணில் மட்டும் ஆட்டம் முடிகிறவரை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் ஹாம்லின் என் மேசைக்கு வந்தார். "எல்லாம் திட்டப்படி நடந்துச்சு. ஓரின் எங்க, கை குடுக்கணுமே?" என்றார். ஓரின் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான், தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தான். "பரவால்ல, பசங்களோட இருப்பான். படம் பிரமாதமா வந்திருக்கு. பெரிய ஹால்ல மாட்டப்போறோம்" என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்த்து ஒரு பொதுப் புன்னகை செய்துவிட்டுப் போனார்.

ஓரின் என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"சார், அந்தத் தப்ப யார் பேர்ல எழுதியிருக்கீங்க?"

"ஆள் கூடுதல்னா அணி பேர்லதான்ப்பா எழுதணும். விதி அப்படி."

"என் பேர்ல எழுத முடியாதா? பதினோராவது ஆள் நான்தான?"

"கடைசியா குதிச்சது டெக்லன். கணக்குப்படி பாத்தா பதினோராவது ஆள் அவன்தான்."

"இல்ல சார்" என்றான். "அவங்க பத்துப் பேரு. நான்தான் கூடுதல். என் பேர்ல ஒரு வரி இருந்தா, நான் உள்ள இருந்தேன்னு எங்கயாவது இருக்கும்."

"விதிப்பா" என்றேன் மறுபடியும். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வேறு சொல் வாயில் வரவில்லை. "சரி சார்" என்றான்.

அப்போது அந்த ஆரஞ்சு சட்டைக்காரர் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் ஓரினைத் தோளோடு சேர்த்து இறுக்கினார். முகம் நனைந்திருந்தது.

"டேய், பாத்துட்டேன்டா! வண்டிய எங்கயோ கண்காணாத எடத்துல விடச் சொல்லிட்டானுங்க. ஓட்டமும் நடையுமா வந்தேன். ஆனா சரியா அந்த நேரத்துக்கு வந்துட்டேன் பாரு. மைக்ல உன் பேரச் சொல்றான், அத்தன பசங்களும் ஓடிவந்து உன்னக் கட்டிப்பிடிக்கறாங்க! ஒருத்தன் அழறான்டா!"

ஓரின் என்னைப் பார்த்தான். நான் என் பென்சிலைப் பார்த்தேன்.

"அம்மாவும் நானும் உனக்காக ரொம்பக் கவலப்பட்டுட்டிருந்தோம்" என்றார் அவர். "போன்ல யாரப் பத்தியும் நீ பேச மாட்டே. அங்க தனியா கெடக்கறானோன்னு உங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கமாட்டா. இனிமே அந்தக் கவலயில்ல."

"ஆமாப்பா" என்றான் ஓரின்.

"ஆமா, அந்த வேஷம் எதுக்குடா?"

"சாதனை பண்றவங்களுக்குப் போட்டுவிடுவாங்கப்பா."

"அதானே பாத்தேன். நாப்பத்தொண்ணுன்னு சட்டையப் பாத்ததும் கண்டுபிடிச்சிட்டேன். வால் கனமா இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"அப்புறமா டான்ஸெல்லாம் ஆடினியே! நீ இப்படி ஆடுவேன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்கும் தெரியாதுப்பா."

அவர் என் பக்கம் திரும்பி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. எங்க பையன குடும்பம் மாதிரி பாத்துக்கிட்டீங்க" என்றார். ஏதோ முணுமுணுத்தேன்.

இருவரும் வடக்குப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அப்பா கையை அகல விரித்து அணில் ஆடியதை ஆடிக் காட்டிக்கொண்டே போனார். ஓரின் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனான். நான் ரப்பரை எடுத்து 'அணி' என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'ஓரின் வோய்டாஸ், 41' என்று அழுத்தி எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. ஒன்றரை மைல், எப்படியும் அரைமணி நேர நடை. அவனோடு இன்னொருவர் அவ்வளவு நேரம் சேர்ந்து இருக்கப்போவதை நான்கு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். அந்த நிறுத்துமிடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம் என்று தோன்றியது.